கடலோரக் கிராமங்களில் படர்தாமரை: மருத்துவ சிகிச்சையும் ஹோமியோபதித் துணையும்

மண்டபத்தைக் கடந்து பாம்பன் தீவிற்குள் அடியெடுத்து வைப்பவர்களுக்கு முதலில் புலப்படுவது காற்றிலுள்ள ஈரமேயாகும். ஒருபுறம் பாக் விரிகுடா. மறுபுறம் மன்னார் வளைகுடா. இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம். மழை குறைந்த மாவட்டம் என்று பெயர் பெற்ற இராமநாதபுரத்தில் நிலம் வறண்டு கிடப்பினும், கரையோரத்து மக்களின் உடுப்பு மட்டும் உலர்வதில்லை. வலை இழுப்போர், மீனைத் தரம் பிரிப்போர், ஐஸ் உடைத்துப் பெட்டியில் அடுக்குவோர், பாசி எடுக்கக் கடலில் மூழ்குவோர் ஆகிய யாவரும் நாளின் பெரும் பகுதியை நனைந்த துணியுடனேயே கழிக்கின்றனர். இத்தகைய வாழ்க்கைக்கென்றே காத்திருப்பது போன்ற ஒரு தோல் நோய் உண்டு. அதனைப் படர்தாமரை என்றும், படை என்றும், வட்டப்படை என்றும் மக்கள் அழைக்கின்றனர்.

உயிரைக் கொல்லும் நோயன்று இது. ஆயினும் இரவு உறக்கத்தைக் கெடுக்கும். கூலியில் ஒரு பங்கை மருந்துக் கடைக்கு அனுப்பும். மணமாக வேண்டிய பெண்ணை மனம் குன்றச் செய்யும். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வருவதால் வெளியே சொல்லவும் கூச்சம். சொல்லாமல் வைத்திருக்கும் காலத்தில் அது வீட்டிலுள்ள அனைவருக்கும் பரவிவிடுகிறது. கடந்த சில ஆண்டுகளில் இந்நோய் நாடெங்கும் முன்னைவிடக் கடுமையாகவும், குணமானது போலத் தோன்றி மீண்டும் மீண்டும் வருவதாகவும் மாறியிருப்பதைத் தோல் மருத்துவர்கள் கவனித்துள்ளனர். இதனால் அலுத்துப்போன பலர் ஹோமியோபதி வைத்தியத்தை நாடுகின்றனர். அவ்வாறு நாடுவது தக்கதா, மருத்துவரின் சிகிச்சையோடு அதனைச் சேர்த்துக் கொள்ளலாமா என்னும் கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடை காணுமுன் நோயின் தன்மையை அறிதல் வேண்டும்.

நோயும் அதன் இருப்பிடமும்

நம் தோலின் மேற்பரப்பும், முடியும், நகமும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. இந்தக் கெரட்டினையே உணவாகக் கொண்டு வாழும் நுண்ணிய பூஞ்சைக் காளான்கள் சில உள்ளன. அவை தோலில் ஓரிடத்தில் விழுந்து, அங்கிருந்து நாற்புறமும் சமமாகப் பரவுவதால் வட்ட வடிவம் உண்டாகிறது. நடுவிலுள்ள தோல் ஓரளவு தெளிந்து காணப்படும். விளிம்பே சிவந்து, தடித்து, செதிலுடன் அரிக்கும். காளான் விளிம்பில்தான் சுறுசுறுப்பாக இருக்கிறது. மருந்து பூசும்போது இதனை நினைவில் கொள்ள வேண்டும். பலர் நடுவில் மட்டும் பூசிவிட்டு விளிம்பை விட்டுவிடுகின்றனர்.

காளான் செழிக்கத் தேவையானவை மூன்று: வெப்பம், ஈரம், உராய்வு. மூன்றும் நம் கடற்கரையில் குறைவின்றிக் கிடைக்கின்றன. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் மரிக்கொழுந்து, கட்டக்கோரை முதலிய பாசிகளைக் கடலடிப் பாறைகளிலிருந்து கையால் பறித்து வருவதைப் பார்த்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக் கொண்டு, சேலைமேல் சட்டை அணிந்து, மணிக்கணக்கில் நீரில் மூழ்கி எழுகின்றனர். கரையேறிய பின்னர் அந்த உடுப்பு உடலிலேயே காய்கிறது. கடல்நீர் காளானை வளர்ப்பதில்லை. ஆனால் துணியில் படிந்த உப்பு காய்ந்து, மரப்பட்டை போல் விறைத்து, இடுப்பையும் தொடையையும் உராய்ந்து புண்ணாக்குகிறது. அவ்விடத்தில் வியர்வை தங்கும்போது காளானுக்கு வாயில் திறந்துவிடுகிறது.

நல்ல நீரில் ஒருமுறை குளித்து உலர்ந்த துணி மாற்றினால் பெரும்பாலும் இதனைத் தடுத்துவிடலாம். அந்த நல்ல நீருக்குத்தான் இங்கே பஞ்சம். குடத்துக்குக் காசு கொடுத்துக் குடிநீர் வாங்கும் வீட்டில் உப்பை அலச இரண்டு குடம் செலவழிக்க யார் துணிவர்? காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இம்மாவட்டத்திற்கு வந்த பிறகும், குளிக்கவும் துவைக்கவும் போதிய நீர் எல்லாக் குடியிருப்புகளுக்கும் எந்நாளும் கிடைப்பதாகச் சொல்ல இயலாது. படர்தாமரையைப் பற்றிப் பேசுவோர் மருந்தைப் பற்றியே பேசிக் கொண்டிருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை என்பது இக்கட்டுரையாளரின் ஆதங்கம்.

இராமேசுவரத்திற்கு வரும் யாத்திரிகர்களும் அக்கினி தீர்த்தத்தில் மூழ்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, நனைந்த ஆடையுடனேயே பிராகாரத்தைச் சுற்றுகின்றனர். ஒரு நாள் நனைவதால் அவர்களுக்குப் பெரிய கேடில்லை. ஆனால் ஒருவர் உடுத்த ஈர வேட்டியையும் துண்டையும் மற்றவர் வாங்கி உடுத்துவதைத் தவிர்ப்பது நன்று.

மருந்து தோற்பது ஏன்?

நம் பாட்டிமார் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினர். வண்டுகொல்லி என்றும் அதற்குப் பெயர் உண்டு. அதிலுள்ள கிரைசோபானிக் அமிலம் காளானை ஓரளவு அடக்கக்கூடியதே. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய மருத்துவர் விட்ஃபீல்டு சாலிசிலிக் அமிலமும் பென்சாயிக் அமிலமும் கலந்து செய்த களிம்பு இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. உட்கொள்ளும் மருந்து பின்னரே வந்தது. 1939இல் ஒரு வகைப் பூஞ்சையிலிருந்து கிரிசியோபல்வின் பிரித்தெடுக்கப்பட்டது. 1958இல்தான் அது உள்ளே கொடுக்கப்படும்போது தோற்காளானைத் தடுக்கும் என்று கினியாப் பன்றிகளில் ஜென்டில்ஸ் என்பவர் காட்டினார். பிறகு டெர்பினாஃபின், இட்ராகோனசால் முதலியன வந்தன. இரண்டு வாரத்தில் நோய் மறைந்த காலம் ஒன்று இருந்தது.

அந்த நிலை இன்றில்லை. காளானின் உடலுறை அமைவதற்குத் தேவையான ஒரு நொதியை டெர்பினாஃபின் முடக்குகிறது. அந்த நொதியை அமைக்கும் மரபணுவில் மாற்றம் ஏற்பட்ட காளான்கள் இம்மருந்துக்கு அஞ்சுவதில்லை. இவ்வகைக் காளான் ஒன்றுக்கு 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘டிரைக்கோஃபைட்டான் இந்தோடினியே’ என்று பெயரிட்டனர். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. பெருமைப்படத் தக்க செய்தியன்று. ஐரோப்பாவிலும், 2023இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரிலும் இக்காளானால் நோயுற்றவர்கள் கண்டறியப்பட்டனர்.

காளான் இவ்வாறு பெருகியதற்குக் காரணங்களுள் ஒன்றாக மருத்துவர்கள் சுட்டுவது மருந்துக் கடைகளில் கிடைக்கும் கூட்டுக் களிம்புகளையே. கரையோரத்து ஊர் எதிலும் மாலை வேளையில் கேட்கக்கூடிய உரையாடல் இது:

“அண்ணே, அரிப்புக்கு ஒரு களிம்பு குடுங்க. போன தடவை குடுத்தீங்களே, உடனே கேட்டுச்சே, அதுதான்.”

“இந்தாம்மா. காலையும் ராத்திரியும் போடு.”

உடனே கேட்டதற்குக் காரணம் அதிலிருந்த ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அது இரண்டே நாளில் அடக்குகிறது. அரிப்பும் சிவப்பும் காளானை எதிர்த்து உடல் செய்யும் போரின் அடையாளங்கள். ஸ்டீராய்டு போரை நிறுத்துகிறதே அன்றிப் பகைவனைத் துரத்துவதில்லை. எதிர்ப்பின்றிக் காளான் தோலில் விரிகிறது. களிம்பை நிறுத்தியவுடன் முன்னிலும் பெரிய வட்டமாக எழுகிறது. மீண்டும் அதே களிம்பு. இவ்வாறு மாதக்கணக்கில் பூசியவர்களுக்கு வட்ட வடிவமே அழிந்து, மருத்துவரும் அடையாளம் காண இயலாத உருவில் நோய் மாறுவதுண்டு. தொடை இடுக்கின் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் காண்பது போன்ற வரிகள் விழும். அவ்வரிகள் பின்னர் மறைவதில்லை.

2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் உள்ளது, கடைகளில் நடப்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆகவே குழாயின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்னும் பெயர்களுள் ஒன்று இருந்தால், அக்களிம்பைப் படர்தாமரைக்குத் தாமாகப் பூசலாகாது. எழுத்துப் படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம்.

ஹோமியோபதி துணையாகுமா?

ஹோமியோபதி ஜெர்மனியைச் சேர்ந்த சாமுவேல் ஹானிமன் 1796இல் வெளியிட்ட கொள்கையிலிருந்து பிறந்தது. நலமுள்ளவனிடம் ஒரு பொருள் எந்தக் குறிகளை உண்டாக்குமோ, அதே குறிகளையுடைய நோயை அப்பொருள் மிகச் சிறிய அளவில் தீர்க்கும் என்பது அதன் அடிப்படை. நம் நாட்டில் இதற்குச் சட்ட அங்கீகாரம் உண்டு. 1973இலும், பின்னர் 2020இலும் நாடாளுமன்றம் இதற்கெனச் சட்டங்கள் இயற்றியுள்ளது. மதுரையை அடுத்த திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. ஆகவே பட்டம் பெற்ற ஹோமியோபதி மருத்துவரைப் போலி வைத்தியரோடு சேர்த்துப் பேசுதல் முறையாகாது.

படர்தாமரைக்கு அவர்கள் நூல்களில் செபியா, டெல்லூரியம், சல்ஃபர், கிரைசரோபினம் முதலிய மருந்துகள் கூறப்பட்டுள்ளன. இவற்றுள் செபியா என்பது வேறொன்றுமன்று. நம் மீனவர்கள் கரைக்குக் கொண்டுவரும் கணவாய் மீனின் மையே. கையெல்லாம் கணவாய் மை படிய மீன் அறுக்கும் பெண்ணுக்கு, அதே மையிலிருந்து செய்த மருந்தைச் சர்க்கரை உருண்டையில் ஏற்றிக் கொடுப்பது ஒரு வியப்பான தற்செயல். கிரைசரோபினம் என்பது பிரேசில் நாட்டு மரமொன்றிலிருந்து கிடைக்கும் தூள். கோவாத் தூள் என்ற பெயரில் அது ஒரு காலத்தில் படைக்கு நேரடியாகவே பூசப்பட்டது.

இம்மருந்துகள் காளானைக் கொல்லுமா? கொல்லும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. காரணத்தை எளிதாகவே கூறலாம். ஒரு பங்கு மருந்தை 99 பங்கு திரவத்தில் கலந்து குலுக்குவது முதற்படி. அதிலிருந்து ஒரு பங்கெடுத்து மீண்டும் 99 பங்கில் கலப்பது இரண்டாம் படி. உலகிலுள்ள கடல் அனைத்திலும் ஒரே ஒரு துளியைக் கலந்தால் ஏறக்குறைய 13ஆம் படியின் நீர்மையே வரும். வழக்கமாகக் கொடுக்கப்படுவதோ 30ஆம் படி, 200ஆம் படி. 12ஆம் படியைத் தாண்டியபின் மூலப்பொருளின் ஓர் அணுத்திரளாவது மிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, ஹோமியோபதி பயன்தரும் என்று நம்பத்தக்க சான்றுள்ள நோய் எதுவுமில்லை என 2015இல் அறிவித்தது. தாய்த் திராவகம் எனப்படும் செறிந்த மருந்துகளின் செய்தி வேறு; அவற்றில் மூலப்பொருள் இருப்பதால் புண்பட்ட தோலில் பூசினால் எரிச்சல் உண்டாக்கவும் கூடும்.

அப்படியாயின் மக்கள் ஏன் அங்கே செல்கின்றனர்? இதற்கு விடை மருந்தில் இல்லை. மருத்துவரின் நாற்காலிக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் இருக்கிறது. ஹோமியோபதி மருத்துவர் அரைமணி நேரம் அமர்ந்து கேட்கிறார். அரிப்பு எப்பொழுது மிகுகிறது, உறக்கம் எப்படி, மனக்கவலை உண்டா என்று வினவுகிறார். கூட்டம் நிறைந்த புறநோயாளர் பிரிவில் இரண்டு நிமிடத்தில் சீட்டு வாங்கி வெளியே வந்தவளுக்கு இது பெரிய ஆறுதல். நீண்டகால நோயில் ஆறுதல் அற்பமான பொருளன்று. மனம் தெளிந்தால் சொறிவது குறையும், உறக்கம் வரும். இந்த அளவில் அது துணையாகலாம். பொது மருத்துவர்களும் இவ்வளவு நேரம் செவி கொடுக்க முடிந்தால் நாடு நலம் பெறும் என்றுகூடத் தோன்றுகிறது.

ஆனால் துணை என்பது முதல்வனை வெளியேற்றிவிடக் கூடாது. இங்கேதான் எச்சரிக்கை தேவை. ஹானிமன் 1828இல் வெளியிட்ட நாட்பட்ட நோய்கள் பற்றிய நூலில், தோல் நோயைக் களிம்பு பூசி அமுக்கினால் அது உள்ளே சென்று வேறு நோயாக வெளிப்படும் என்று கருதினார். 1892இல் பர்னட் என்னும் ஆங்கில ஹோமியோபதி மருத்துவரும் படர்தாமரை பற்றித் தனி நூலே எழுதி, அது உடல் அமைப்பின் கோளாறு என்று வாதிட்டார். ஆனால் அதற்கு ஏறத்தாழ 50 ஆண்டுகள் முன்னரே பாரிஸ் நகரில் குருபி என்பவர் உருப்பெருக்கியின் கீழ் காளானைக் கண்டு எழுதிவிட்டார். நீரிழிவு, எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியன உள்ளவர்களைக் காளான் எளிதில் பற்றும் என்ற அளவில் பர்னட்டின் கூற்றில் சிறிது உண்மை உண்டு. ஆயினும் காளானைக் கொல்லும் களிம்பு நோயை உள்ளே தள்ளுவதில்லை.

இந்தப் பழைய கருத்தை இன்றும் பற்றியிருக்கும் சிலர், வந்தவுடன் ‘எல்லாக் களிம்பையும் நிறுத்து’ என்கின்றனர். ஸ்டீராய்டு களிம்பை நிறுத்தச் சொல்வது சரியே. அதனோடு காளான் கொல்லி மருந்தையும் நிறுத்தச் சொல்வதுதான் கேடு. ஸ்டீராய்டை விட்ட சில நாளில், அதுவரை அமுங்கியிருந்த படை சிவந்து கொந்தளித்து எழும். இது களிம்பை விட்டதன் விளைவு. இதனையே ‘மருந்து வேலை செய்கிறது, நோய் வெளியேறுகிறது’ என்று விளக்கம் கூறினால் நோயாளி நம்பிவிடுவார். ஏனெனில் முன்கூட்டிச் சொன்னது நடந்துவிட்டதல்லவா! இவ்வாறு நம்பிக் காத்திருக்கும் இரண்டு மாதத்தில் கணவன், பிள்ளைகள், மாமியார் என வீடு முழுதும் நோய் பரவுகிறது. ஆகவே ஹோமியோபதி உருண்டையை விரும்புவோர் உண்ணட்டும். காளான் கொல்லிக் களிம்பையும் மாத்திரையையும் ஒரு நாளும் விடலாகாது. இருவரிடமும் சிகிச்சை பெறுவதை இருவரிடமும் மறைக்காமல் கூற வேண்டும். நோயாளியிடம் மற்ற மருத்துவரின் மருந்தைத் தூக்கி எறியச் சொல்லும் ஹோமியோபதி மருத்துவரிடம் மீண்டும் செல்லாதிருப்பது நலம். பெயர் எழுதாத புட்டியில் கொடுக்கப்படும் வெள்ளைக் களிம்பையும் தூளையும் ஏற்க வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு இல்லை என்பதற்கு யார் பொறுப்பு?

சிகிச்சையை முடிப்பது எப்படி?

களிம்பு பூசுவதில் மருத்துவர்கள் கூறும் எளிய கணக்கு ஒன்று உண்டு: நாளைக்கு 2 வேளை, விளிம்பைத் தாண்டி 2 சென்டிமீட்டர் வரை, படை மறைந்த பின்னும் 2 வாரம். மூன்றாவதே பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. அரிப்பு நின்றவுடன் குழாயை மூடி வைத்துவிடுகின்றனர். மறுமாதம் நோய் திரும்புகிறது. பரவிய நோய்க்கும் தலைமுடியில் வந்த நோய்க்கும் மாத்திரை தேவை. அதனை மருத்துவரே தர வேண்டும். கருவுற்ற பெண்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இவற்றுள் சில ஆகா. இட்ராகோனசால் உறையை உணவுக்குப் பின் உண்ண வேண்டும்; வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் அது உடலில் சேராது போகும்.

வீட்டில் எத்தனை பேருக்கு அரிக்கிறதோ அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை நடைபெற வேண்டும். துண்டு, உள்ளாடை, பாய், தலையணை உறை ஆகியவற்றைப் பொதுவில் வைத்துக் கொள்ளலாகாது. கொதிநீரில் அலசிய துணியை வெயிலில் உட்புறம் வெளியே தெரியும்படி உலர்த்துக. நம் பக்கத்தில் பிறந்த குழந்தை முதல் முதியவர் வரை இடுப்பில் கட்டியிருக்கும் அரைஞாண் கயிறு காளானுக்கு நல்ல உறைவிடம். கறுத்து, எப்போதும் ஈரமாக இருக்கும் அக்கயிற்றைச் சிகிச்சைக் காலத்தில் அவிழ்த்துவிடுவது நன்று. மனம் ஒப்பாதவர்கள் வெள்ளி அரைஞாண் அணியலாம். அல்லது பழைய கயிற்றை எரித்துவிட்டு, நோய் தீர்ந்தபின் புதியது கட்டிக் கொள்ளலாம்.

வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரையன்று என்பதையும் கூற வேண்டும். மார்பிலும் முதுகிலும் வெளிறிப் படரும் தேமல் வேறு வகைக் காளானால் வருவது. இரவில் அரிப்பு மிகுந்து, விரலிடுக்கில் சிறு கொப்புளமாக, வீட்டார் அனைவருக்கும் வந்தால் அது சொறியாக இருக்கலாம். அரிக்காமல், தொட்டால் உணர்ச்சியின்றி, வெளிறிய தழும்பு இருப்பின் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்க. அது தொழுநோயாக இருக்கக்கூடும். அதற்கான கூட்டு மருந்து அரசால் இலவசமாக அளிக்கப்படுகிறது. காலத்தே உண்டால் ஊனமின்றிக் குணமாகும். படை அடிக்கடி திரும்பும் நடுவயதினர் சர்க்கரை நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் செய்து கொள்ள வேண்டும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வரும் பணியாளரிடம் இதனைச் சொன்னால் வழி கிடைக்கும். சிக்கலான நோயை 2022இல் திறக்கப்பெற்ற இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் காட்டலாம்.

ஊராட்சிகள் செய்யக்கூடிய பணியும் ஒன்று உண்டு. பாசி எடுக்கும் பெண்களும் மீன் அறுக்கும் பெண்களும் கரையேறும் இடத்திற்கு அருகில், கதவுள்ள குளியலறை நான்கும், உப்பை அலச நல்ல நீர்த் தொட்டி ஒன்றும் அமைத்தால், எத்தனையோ களிம்புக் குழாய்களின் விலை மிச்சமாகும். துணி மாற்ற மறைவிடமின்றி வீடு சேரும்வரை ஈரச் சேலையுடன் நடப்பவர்களிடம் ‘உலர்ந்த ஆடை அணியுங்கள்’ என்று அறிவுரை கூறுவது எளிது.

விசைப்படகுகளில் செல்லும் ஆண்களுக்குச் சிகிச்சை தொடங்க ஏற்ற காலம் எது என்பதும் கவனிக்கத் தக்கது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. அந்த இரண்டு மாதமும் அவர்கள் கரையில் இருக்கின்றனர்; படகில் வேளை தவறும் மாத்திரையை வீட்டில் தவறாமல் உண்ணலாம்; மனைவி மக்களோடு ஒன்றாகவே மருந்தைத் தொடங்கி ஒன்றாகவே முடிக்கலாம். நாட்டுப்படகில் செல்வோருக்கும் பாசி எடுப்போருக்கும் இத்தகைய நீண்ட ஓய்வு இல்லையாதலால், அவர்களுக்குரிய நாளைச் சுகாதார நிலையத்தார் அவர்களையே கேட்டுக் குறித்துக் கொள்வது நன்று.